பிடுங்கினால் பணம்!

கே: நிரந்தரப் பயிர் என்கிறார்களே, அதில் தென்னை சேருமா, தேக்கு சேருமா?

ப: தென்னை சேரும், தேக்கு சேராது. ஒருமுறை நட்டுவிட்டு வருடக்கணக்கில் பறித்துக்கொண்டே இருக்கும் திராட்சை, ஆலிவ், ஆரஞ்சு, பாதாம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வெட்டி விற்க வளர்க்கும் மரத்தை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதில் சேர்ப்பதில்லை.

கே: பணக்கார நாடுகளில் இந்தப் பயிர்களுக்கான நிலம் கூடுகிறதா, குறைகிறதா?

ப: எந்தத் தோப்பு என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் காய்ப்புக்கு வந்த பாதாம் தோப்பு 1995-இல் சுமார் 4 லட்சம் ஏக்கர். 2022-இல் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதே அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகள் அழிந்துகொண்டிருக்கின்றன. நாட்டின் மொத்தப் பரப்பை மட்டும் பார்த்தால் இரண்டுமே கண்ணில் படாது.

கே: ஃப்ளோரிடாவுக்கு என்ன கேடு?

ப: எள்ளளவு பூச்சி ஒன்று. கொழுந்தில் சாறு உறிஞ்சும்போதே ஒரு பாக்டீரியாவை மரத்துக்குள் விட்டுவிடுகிறது. அது மரத்தின் உணவுக் குழாய்களை அடைத்துவிடும். இலை திட்டுத்திட்டாய் மஞ்சளிக்கும். பழம் கோணலாகி, அடிப்பக்கம் பச்சை மாறாமல், பழுக்குமுன் உதிரும். 2005-இல் அங்கே கண்டுபிடித்த இந்த நோய்க்கு இன்றுவரை முழுத் தீர்வு இல்லை. போதாததற்குப் புயல்கள். 2003-04-இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2023-24-இல் 2 கோடிகூட இல்லை. பெட்டிக்கு 40 கிலோ. கன்று காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அதற்குள் நோய் வந்துவிடும் என்று தெரிந்தால் யார் நடுவார்? தோப்பு மனையாகிறது.

கே: பிரான்ஸில் திராட்சைக் கொடியைப் பிடுங்கினால் அரசு பணம் தருகிறதாமே?

ப: நிஜம்தான். 2024-இல் ஹெக்டேருக்கு 4,000 யூரோ அறிவித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களே ஒயினைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள், குறிப்பாகச் சிவப்பு ஒயினை. 2008-க்குப் பின் மூன்று பருவங்களில் ஐரோப்பிய ஒன்றியமே காசு கொடுத்து 1.6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பிடுங்க வைத்தது. கொடுப்பது சரி என்பதே என் கட்சி. கடனில் இருக்கிற சிறு விவசாயி கொடியைக் கவனிக்காமல் விட்டால் நோய் பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவும். ஆனால் அடுத்து என்ன நடுவது என்பதற்கும் துணை நிற்க வேண்டும். முப்பது வருடக் கொடியை இழந்தவரைக் காசோலையோடு அனுப்பிவிடுவது அநியாயம்.

கே: கலிஃபோர்னியா பாதாம்காரர்கள் பாடு கொண்டாட்டமா?

ப: விலை இருந்தவரை. நெல், தக்காளி என்றால் வறட்சி வருடத்தில் நிலத்தைத் தரிசாகப் போடலாம். பாதாம் மரம் இருபத்தைந்து வருடம் நிற்கும், வருடம் தவறாமல் தண்ணீர் கேட்கும். நிலத்தடி நீரை உறிஞ்சியே அங்கே தரை இறங்கியிருக்கிறது. 2014-இல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பின்னால் விலையும் விழுந்தது. இப்போது வயதான தோப்புகளைப் பலர் பிடுங்குகிறார்கள்.

கே: நம் கடைப் பாதாமும் அங்கிருந்தா?

ப: பெரும்பாலும். கலிஃபோர்னியா பாதாமை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியாதான். ஓட்டோடு வாங்கி, இங்கே உடைத்துப் பருப்பெடுக்கிறோம்.