கிரைண்டர் அசையாச் சொத்தே: ஓர் ஆய்வு

சொத்தை அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று சட்டம் இரண்டாக வகுத்திருக்கிறது. ஐந்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் இதில் எந்தப் பக்கம் என்று எந்த வக்கீலும் கேட்பதில்லை. விடைதான் அவரவர் சமையலறை மூலையில் உட்கார்ந்திருக்கிறதே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 3ஆம் பிரிவில், மண்ணோடு இணைந்த பொருளை மூன்று வகையாகச் சொல்கிறது: மரம்போல் வேரூன்றியது, சுவர்போல் பதிந்தது, அப்படிப் பதிந்ததை நிரந்தரமாக அனுபவிப்பதற்காக அதோடு பொருத்தப்பட்டது. கிரைண்டருக்கு இந்த மூன்றாம் வகையில் இடம் உண்டு என்பதே இந்த ஆய்வின் வாதம்.

முதலில் வம்சாவளியைப் பார்ப்போம். பழைய வீடுகளில் ஆட்டுரலைத் தரையில் பதித்தே வைத்தார்கள். அது அசையாச் சொத்து என்பதில் தகராறே இல்லை. உரல் நிற்கும், குழவி சுற்றும், சுற்றுகிறவர் தோள் வலிக்கும். 1955இல் கோயம்புத்தூர் சபாபதி மோட்டாரை மாட்டியபின் முறை தலைகீழானது: உரல் சுற்றுகிறது, குழவி இருந்த இடத்திலேயே இருக்கிறது. உரல் தரையை விட்டு எழுந்தது உண்மை. ஆனால் மூதாதையின் குணம் போகவில்லை. தான் சுற்றுமே தவிர இடம் பெயராது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வழங்கி, அரசே அதன் பெயரை ஒரு மண்ணோடு கட்டிப்போட்டிருக்கிறது. அப்படியானால் மதுரை மல்லியும் அசையாச் சொத்தா என்று கேட்பீர்கள். அதனால் இந்தச் சான்றை நான் அழுத்திச் சொல்லவில்லை.

அழுத்திச் சொல்ல வேண்டிய சான்று திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், எதுவும் ஓரிடத்தில் நிற்காத ஊரில், இருக்கிறது. உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்த ஊர் அது. அங்கே ஏரித் தண்ணீர்கூடச் சென்னைக்குப் புறப்பட்டுவிடும். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்கள் வீடு மாற்றும்போது கட்டில், பீரோ, டிவி எல்லாம் குட்டியானையில் ஏறும். கிரைண்டர் முறை வரும்போதுதான் தூக்குகிறவர்கள் கூலியைப் பற்றிப் புதிதாகப் பேச ஆரம்பிப்பார்கள். பீரோவை யாரும் அப்படி மதித்ததில்லை.

கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததே, அப்போது அசையவில்லையா என்பது முதல் ஆட்சேபம். தென்னங்கன்றும் நர்சரியிலிருந்து கையில்தான் வந்தது. நட்டபின் அதை அசையும் சொத்து என்பார் உண்டா? இரண்டாம் ஆட்சேபம் கடினமானது: பெட்டிக்கடையிலேயே பாக்கெட் மாவு கிடைக்கிறது, பெல்ட் அறுந்த கிரைண்டரை யார் ஓட்டுகிறார்கள், அனுபவமே இல்லாத இடத்தில் நிரந்தர அனுபவம் எங்கே? கேள்வி நியாயமானது, ஆனால் அனுபவத்தை மாவோடு முடித்துக்கொள்கிறது. ஓடாத கிரைண்டரின் மூடிமேல்தான் ஹாட் பாக்ஸ், பழைய பேப்பர் கட்டு, கரண்டு பில், வெங்காயக் கூடை எல்லாம் இருக்கின்றன. மேலும் நெடுஞ்சாலை ஓரத்துக் காலி மனையில் புல்லைத் தவிர எதுவும் விளைவதில்லை. அதற்காகப் பட்டாவை ரத்து செய்வதில்லையே.

இனி டேபிள் டாப் கிரைண்டர். விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அதில் கிடைத்த சிறிய கிரைண்டரை ஒரே ஆள் தூக்கிவிடலாம் என்பதை மறுக்க முடியாது. எனவே கோட்பாட்டைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன்: டில்டிங் கிரைண்டர் பட்டாதாரர், டேபிள் டாப் குத்தகைதாரர். மேடையில் ஒரு முழ இடம் பிடித்தபின் குத்தகைதாரரைக் கிளப்புவது எவ்வளவு சுலபம் என்பதை நிலம் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே பத்திர எழுத்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி வீட்டு விற்பனைப் பத்திரம் எழுதும்போது, சொத்து விவரத்தில் கிணறு, மின் இணைப்பு ஆகியவற்றை அடுத்து ‘கிரைண்டர் ஒன்று’ என்று சேர்த்து, செக்குபந்தியையும் குறிப்பிடுங்கள்: கிழக்கே கேஸ் சிலிண்டர், மேற்கே சுவர், வடக்கே அரிசி டிரம், தெற்கே துடைப்பம்.