நிலவில் ஒரு புள்ளி

கே: குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் அறிவியல் செய்தி அனுப்புகிறேன். யாரும் நம்புவதில்லையே, ஏன்?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

ப: சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியனின் வழியில் போய்ப் பாருங்கள். 2019 செப்டம்பரில் இந்தியாவின் விக்ரம் லேண்டர், தரையிறங்கும்போது நிலவில் மோதி நொறுங்கியது. அந்தப் பகுதியைக் காட்டி நாசா வெளியிட்ட படத்தைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார் அவர். அந்த ஆதாரத்தோடு நாசாவுக்கு எழுதினார். விஞ்ஞானிகள் சரிபார்த்து, டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே உறுதிசெய்தார்கள். மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கே கிடந்த லேண்டரின் துண்டு அது!

எனவே செய்தியின் வாலில் 'அனைவருக்கும் பகிரவும்' என்று எழுதாதீர்கள். தலையில் 'எங்கிருந்து கிடைத்தது' என்று எழுதுங்கள். தலை இல்லாமல் வால் மட்டும் ஆடினால் அதற்குப் பெயர் வதந்தி. ஆதாரத்தோடு அனுப்புங்கள், நிலவே சாட்சி சொல்லும்போது, மூன்றாவது மாடிக்காரர் நம்பாமலா போவார்?