உப்பு பார்க்க ஆள் தேவை

நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டதாம். நேற்று மத்தியானம் தொடங்கிய பேச்சு இன்று காலைக் காபி வரைக்கும் ஓயவில்லை. “கைப்பக்குவம் போயிடுச்சு” என்கிறார் மாமியார். “ஆபரேஷன்ல நாக்குலயும் கை வெச்சுட்டாங்களா?” என்கிறார் கணவர். அந்தக் குழம்பில் ஒரு சொட்டுகூட வாயில் வைக்காத ஒரே ஆள் நான். குற்றவாளியும் நான்தான்.

எடை குறைக்கிற ஆபரேஷன். ஸ்லீவ் என்பார்கள். இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒல்லியாக விட்டுவைப்பார்கள். சென்னையில் செய்துகொண்டு திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தேன். வயிற்றில் நாலைந்து சின்னத் துளை, அவ்வளவுதான். அதுதான் வினையாகப் போயிற்று. நீளமாக ஒரு தையல் இருந்திருந்தால் ஒரு மாதமாவது யாராவது சோறு வடித்துப் போட்டிருப்பார்கள். ஓரகத்தி வந்து பார்த்தார். “இவ்ளோதானா? எனக்குக் குடல்வால் எடுத்தப்பவே இதைவிடப் பெரிசாக் கிழிச்சாங்களே” என்றார். மறுநாளே அடுப்படி என்னிடம் வந்துவிட்டது.

டயட்டீஷியன் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முதலில் தெளிந்த நீராகாரம், அப்புறம் மோர், பால், புரோட்டீன் பவுடர், அதற்கப்புறம் மிக்ஸியில் அரைத்த கூழ், கடைசியில்தான் குழைந்த சோறு. மடக்மடக்கென்று குடிக்கக் கூடாது, மிடறு மிடறாகத்தான். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். தினமும் 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். கனமாக எதையும் தூக்கக் கூடாது. நான் எதையெல்லாம் தின்னக் கூடாது என்று இரண்டு பக்கம் இருக்கிறது. யாருக்கெல்லாம் சமைக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை.

அந்த மிக்ஸியால் போன வாரம் வந்த சண்டையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தக் கருவாடு.

விழுப்புரத்திலிருந்து நாத்தனார் என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார். பாசஞ்சரில் பிள்ளைகளோடு ஏறியாயிற்று. முண்டியம்பாக்கத்தில் போன்: “அண்ணி, உடம்பு முடியாதவங்க, எனக்குன்னு ஒண்ணும் செய்யாதீங்க.” விக்கிரவாண்டியில் போன்: “ஒரு ரசம், அப்பளம் போதும் அண்ணி.” பேரணியில்: “கருவாடு கெடந்தா ரெண்டு போட்டு வைங்க, உங்க கைக்குழம்பு சாப்பிட்டு நாளாச்சு.” மயிலத்தில்: “பசங்க மல்லாட்டைத் துவையல் கேக்குறாங்க.” நல்லவேளை, மயிலம் தாண்டினால் திண்டிவனம்தான். நடுவில் இன்னொரு ஸ்டேஷன் இருந்திருந்தால் பாயசமும் வைத்திருக்க வேண்டும். நோயாளியைப் பார்க்க வந்தவர் கையில் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஒரு கிலோ காராபூந்தி.

நெத்திலித் தலையைக் கிள்ளி, வெந்நீரில் அலசி, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு, வடகம் தாளித்துக் கொதிக்கவிட்டாயிற்று. இனி உப்பு பார்க்க வேண்டும். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, சுள்ளென்று நக்கி, கூரையைப் பார்த்து “ம்” என்போமே, அந்த வேலை. அது எனக்கு இப்போது ஆகாது. நக்கிவிட்டுத் துப்பிவிடு என்று கணவர் யோசனை சொன்னார். நெத்திலிக் குழம்பை நாக்கில் வைத்துவிட்டுத் துப்புகிற மனவுறுதி எனக்கு இருந்திருந்தால் ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது.

சரி, நீங்களே பாருங்கள் என்று கரண்டியை அவரிடமே நீட்டினேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் நக்கிவிட்டு “நல்லாருக்கு” என்றார். அவருக்கு எல்லாமே நல்லாருக்கும். ஒருநாள் பருப்பு வேகவைத்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன், ரசம் பிரமாதம் என்றார். அதே மனிதர் இலை முன்னால் உட்கார்ந்ததும் “உப்பு ஜாடி எங்கே?” என்பார். உப்பு பார்க்கும்போது ஒரு நாக்கு, சாப்பிடும்போது வேறு நாக்கு.

அடுத்தது மகன், பிளஸ் டூ. அவன் சொட்டெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு கிண்ணத்தில் கருவாடாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போனான். “உப்பு எப்படிடா?” என்று பின்னாலேயே கத்தினேன். “கருவாடு கரிக்குதும்மா” என்று பதில் வந்தது. கருவாடு கரிக்காமல் கற்கண்டாகவா இருக்கும்? மகளைக் கூப்பிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டால் ருசி எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அதனால்தான் பிடித்திருக்கிறேன் என்றாள்.

பக்கத்து வீட்டு டீச்சர் சுத்த சைவம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே மூச்சை இழுத்துவிட்டு, “உப்பு சரியாத்தான் இருக்கிற மாதிரி தெரியுது” என்றார். பின்னால் யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு வந்த தீர்ப்புகளில் அதுதான் சரியானது.

ஆனால் மேல் கோர்ட்டு இருக்கிறதே. மாமியாருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவருக்கு உலகமே சப்பென்று இருக்கிறது. உள்ளங்கையை நக்கினார், உதட்டைப் பிதுக்கினார். “ஏம்மா, உப்பே இல்லியே, ஒரு கல்லு போடு.” போட்டேன். மறுபடி நக்கினார். “இன்னும் ஒரு கை போடு, பயப்படாத.” போட்டேன். கருவாட்டில் ஊறிக்கிடந்த உப்பும் கொதியில் இறங்கிச் சேர்ந்துகொண்டது. கைப்பக்குவம் போயிடுச்சு என்று முதலில் சொன்னதும் அவர்தான். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிற மாவட்டம் இது. உப்பு பார்க்க மட்டும் ஒரு நாக்கு அகப்படவில்லை.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம் என்கிறது. ஆண்களில் 37. வித்தியாசமான அந்த மூணு சொச்சம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டால் சொல்வேன்: உப்பு பார்த்தே வந்தது. மீதி, தட்டில் மிச்சம் விட்டதை வீணாகிறதே என்று வாயில் போட்டு வந்தது. ஆய்வுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சமைக்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள். இப்போது நான் மிச்சம் தின்பதை நிறுத்திவிட்டதால் தெரு நாய் ஒன்று எங்கள் வாசலோடு தங்கிவிட்டது. போகிற போக்கைப் பார்த்தால் அடுத்த ஆபரேஷன் அதற்குத்தான்.

மிக்ஸிக்கு வருகிறேன். அதற்குள் பசி பற்றி ஒரு வார்த்தை. பசியைக் கிளப்பிவிடும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். எனக்கு வெட்டி எடுத்ததில் அந்தப் பகுதியும் போய்விட்டது. ஆகவே எனக்குப் பசியில்லை. இதை மாமியாரிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பசிதான் இல்லையே, அப்ப ரெண்டு வாய் சாப்பிட்டா என்ன?” என்றார். எத்தனை வகையாக யோசித்தும் இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நாத்தனாரும் விடவில்லை. “ஒரு வாய் அண்ணி, எனக்காக.” என் வயிற்றில் உனக்காக இடம் இருந்ததெல்லாம் போன மாதத்தோடு சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பாசஞ்சர் ஏறி வந்தவரை அப்படிச் சொல்லலாமா? மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏப்பச் சத்தம். உப்பு தூக்கலான அந்தக் குழம்பில் சட்டியை வழித்ததுகூட மிச்சமில்லை.

இப்போது கூடத்திலிருந்து கேட்கிறார்கள், ராத்திரிக்கு இட்லியா, தோசையா என்று. இட்லியோ தோசையோ, மாவு தீர்ந்துவிட்டது. அரிசியையும் உளுந்தையும் நான் ஊறப்போட்டுவிடுவேன். கிரைண்டர் குழவியைத் தூக்கி வைக்கிறேன் என்று நேற்றே கணவர் சொன்னார், மகனும் சொன்னான். இருவருமே இப்போது வீட்டில் இல்லை.