கறிக் காகிதத்தில் பூநாரை

ஏம்மா கண்ணு, வெளிநாட்டுலேர்ந்து அத்தை வர்றாங்கன்னா பொண்ணுங்க சென்ட்டு பாட்டிலு கேக்கும், சாக்லேட்டு கேக்கும். ஆட்டுக்கறி மடிக்கிற காகிதத்தைக் கேட்டு வாங்கின மொத ஆளு நம்ம மரக்காணத்துலயே நீதான். அதுக்கு பிளேன்ல எடம் வேற. அத்தை நல்லவ, எடுத்தாந்துட்டா.

மறைக்காத, அலமாரியில இருக்கிற சுருளைப் பாத்துட்டேன். ஃப்ரீசர் பேப்பராம். அந்த ஊரு ஜனங்க கறியைச் சுத்தி ஐஸ் பெட்டியில வெக்கிறதுக்குப் பண்ணின தாளு. ஒரு பக்கம் வெறும் காகிதம், மறுபக்கம் பளபளன்னு மெலிசா பிளாஸ்டிக் பூசியிருக்கு. அதுல படம் வெட்டி, பளபளப்பு கீழ இருக்கிற மாதிரி துணிமேல வெச்சு இஸ்திரி போட்டா பிளாஸ்டிக் இளகித் துணியில ஒட்டிக்குது. ஓட்டையில பெயிண்ட்டைத் தட்டி, காஞ்சதும் உரிச்சா படம் நிக்குது. உன் கையால தைச்ச குர்தாவுல நம்ம கழுவெளி ஏரிப் பூநாரை போடப் போறியாம். போடு. தாத்தா சொல்றதைக் கேட்டுட்டுப் போடு. கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். உப்பு வாரி ஓஞ்ச கெழவனுக்கு வேற வேலை இன்னா இருக்குது?

மொதல்ல உன் வயித்தெரிச்சலைக் கௌப்பிடறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில ஏ4 பேப்பர் கட்டு பிரிக்கிறான் பாரு, அந்தக் கட்டைச் சுத்தி வர்ற உறையைக் கொஞ்சம் தடவிப் பாரு. ஈரம் போவக் கூடாதுன்னு நெறைய உறைக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் பூசித்தான் அனுப்புறான். உன் அமெரிக்காக் காகிதத்துக்குப் பங்காளி அது. ஒரு மூலையைக் கிழிச்சு கந்தல் துணியில தேய்ச்சுப் பாரு. ஒட்டினா உன் காரியம் ஆச்சு, ஒட்டலைன்னா அடுத்த கம்பெனி உறை. கடைக்காரன் அதைக் குப்பையிலதான் போடுறான், கேட்டா சும்மா குடுப்பான். ஆனா கேக் சுடுற பட்டர் பேப்பரை எடுத்துட்டு வந்துடாத, அது ஒட்டவே ஒட்டாது. மெழுகு பூசின தாளு ஒட்டும், துணியில மெழுகையும் வுட்டுட்டுப் போவும்.

"தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்"னு மொறைக்காத. கோணி மூட்டை காலத்துல உப்பு மூட்டைக்கு மார்க்கா போட்டவன் நான். தகரத்துல எழுத்து வெட்டியிருப்பான், அதை மூட்டைமேல அழுத்திப் புடிச்சு மையைத் தட்டணும். இப்ப பிளாஸ்டிக் சாக்குல அச்சடிச்சே வந்துடுது, நம்ம பொழப்பு போச்சு. ஆனா தகரத்துல ஒரு தொல்லை உண்டு. இங்கிலீஷ் ஓ எழுத்தை வெட்டினா நடுவுல இருக்கிற வட்டம் கழண்டு கீழ வுழுந்துடும். வுழாம இருக்க ரெண்டு பக்கமும் ஒரு பாலம் வுடணும். அதனாலதான் மூட்டையில எழுத்தெல்லாம் துண்டு துண்டா நிக்கும். நம்ம ஊரு பேரை வெட்டிப் பாரேன், மூணு சுழி ண வரும்போது தகரம் வெட்டுறவன் வேலையை வுட்டுட்டுப் பூடுவான்.

உன் கறிக் காகிதத்துகிட்ட நான் தோத்தது இந்த ஒரு எடத்துலதான். கழண்டு வுழுந்த வட்டத்தை எடுத்து, இருந்த எடத்துலயே வெச்சு, இஸ்திரியால ஒரு அழுத்து அழுத்திட்டா அது பாட்டுக்கு ஒட்டிக்குது. பாலமே வேணாம். தகரம் செய்யாத வேலை. அதனால பூநாரை கழுத்தை வளைச்சு முதுகுல அலகு படுற மாதிரி நீ வரைஞ்சிருக்கியே, அந்த வளையத்துக்குள்ள இருக்கிற துண்டைத் தொலைச்சுடாத. பென்சிலால ஒரு குறி வெச்சு தட்டுல போட்டு வெய்யி. ஒங்க ஆயா வெளக்கமாத்தை எடுக்கிறதுக்குள்ள அதை ஒட்டிடு.

காலு வெட்டும்போது நெதானம். நிஜப் பூநாரை காலு குச்சியாத்தான் இருக்கும், உன் காகிதத்துல கொஞ்சம் தடியாவே இருக்கட்டும். ரொம்ப மெலிசா கீறினா உள்ள பெயிண்ட்டு எறங்காது, மூலை வேற கிழிஞ்சுடும். பறவைக்கு யானைக்கால்னு எவனாவது கேட்டா, 2021ல கவர்மெண்டு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சுடுச்சு, தின்னு கொழுத்துடுச்சுங்கன்னு சொல்லு.

இப்ப புதுசா ஏதோ கண்டுபுடிச்ச மாதிரி உன் சினேகிதிங்ககிட்ட பீத்திக்காத. பிளவுஸுக்கு ஆரி வேலை செய்யற பொண்ணு இன்னா பண்றா? டிரேசிங் பேப்பர்ல பூ வரைஞ்சு, கோடு பூரா ஊசியால குத்தி ஓட்டை போட்டு, மண்ணெண்ணெயில பொடியைக் குழைச்சுப் பஞ்சால தேய்க்கிறா. ஓட்டை வழியா பூ துணியில எறங்கிடுது. இதே வேலையை 1742ல கேர்தூன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரு கடுதாசியா எழுதி பிரான்சுக்கு அனுப்பியிருக்காரு. புதுச்சேரிப் பக்கம் இருந்த ஏசு சபைக்காரரு. துணியில சித்திரம் எழுதுற நம்மாளுங்களைத் துருவித் துருவிக் கேட்டு எழுதினது. காகிதத்துல ஊசியால குத்தி, கரித்தூள் மூட்டையை மேல தேய்ச்சு படத்தைத் துணியில எறக்குவாங்களாம். அவருக்கு முன்னாடியே, 1734 வாக்குல, போலியேன்னு ஒரு கப்பல்காரன் புதுச்சேரியில வேலையைப் பக்கத்துல நின்னு பாத்து, ஒவ்வொரு பக்குவத்துக்கும் மாதிரிக்கு ஒரு துண்டு துணி எடுத்துட்டுப் போயிட்டான். தொழிலைத் திருட வந்தவனுங்களுக்கு நம்மாளு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கான் பாரு, அந்த மனசு யாருக்கு வரும்!

வேடிக்கை இன்னான்னா, நம்ம சித்திரத் துணியைக் கொண்டாராத, விக்காதன்னு 1686லயே பிரான்சுல சட்டம் போட்டாச்சு. அவங்க ஊரு நெசவாளிக்குப் பொழப்பு போவுதாம். சீமாட்டிங்க கேட்டாங்களா? திருட்டுத்தனமா கட்டிக்கிட்டே இருந்தாங்க. 1759ல சட்டத்தை எடுத்துட்டாங்க. பொம்பளைங்க ஆசைப்பட்ட துணிக்கு முன்னாடி ராசா இன்னா பண்ணுவான்? ஒங்க ஆயாகிட்ட நானே ஒண்ணும் பண்ண முடியல.

அந்தப் பழைய வேலையில எனக்குப் புடிச்சது எருமைப் பால். எழுதுறதுக்கு முன்னாடி துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த தண்ணியில நனைச்சு காய வெப்பாங்க. பால்ல இருக்கிற கொழுப்பு, எழுதுற மை பரவாம புடிச்சு நிறுத்தும். பாலோ பிளாஸ்டிக்கோ, வேலை ஒண்ணுதான். சாயம் நிக்க வேண்டிய எடத்துல நிக்கணும். உப்புப் பாத்திக்கு வரப்பு மாதிரி. வரப்பு ஒரு எடத்துல கசிஞ்சா பாத்தி பூரா பாழு.

அதனால ஓரத்தைப் பாரு. படத்தோட ஓரம் ஒவ்வொண்ணும் துணியில ஒட்டியிருக்கான்னு நகத்தால தொட்டுப் பாத்துட்டு அப்புறம் பெயிண்ட்டு டப்பாவைத் தொற. இஸ்திரிப் பெட்டியில ஆவி வரக் கூடாது, வெறும் சூடுதான் வேணும். துணியை முன்னாடியே தொவைச்சுக் கஞ்சி எடுத்திருக்கணும். குர்தாவுக்குள்ள ஒரு அட்டையை நுழைச்சுக்க. இல்லைன்னா முன்பக்கம் போட்ட பூநாரை முதுகுப் பக்கமும் எட்டிப் பாக்கும். பெயிண்ட்டைப் பிரஷ்ஷுல மொண்டு இழுக்காத. ஸ்பாஞ்சுல கொஞ்சமா தொட்டு, வேஸ்ட்டுத் துணியில ஒத்திட்டு, ஓரத்துலேர்ந்து நடுவாக்குல தட்டு. மெலிசா ஒரு தரம், காஞ்சதும் இன்னொரு தரம். உன் அவசரத்துக்கு ஒரே அப்பா அப்புனா, காகிதத்துக்கு அடியில பூந்து பூநாரைக்கு மீசை மொளைச்சுடும்.

காயட்டும்னு வுட்டா உடனே உரிச்சுப் பாக்கக் கை துறுதுறுங்கும். ஒங்கப்பன் புத்தி அது. விரல்ல ஒட்டாம காஞ்சப்புறம் மெல்ல உரி. மறுநாள் திருப்பிப் போட்டு, பின்பக்கமா சூடா தேய்ச்சாத்தான் பெயிண்ட்டு தொவைக்கிறதுக்கு நிக்கும். எத்தனை நாளு கழிச்சுத் தொவைக்கணும்னு பாட்டில்லயே எழுதியிருப்பான், காலேஜுப் படிப்புப் படிச்சவ அதையும் படிக்கலாம். ஐப்பசி கார்த்திகையில இந்த வேலையை எடுக்காத. அப்ப பாத்தியும் காயாது, பெயிண்ட்டும் காயாது, கடக்காத்து ஈரத்துல காகிதம் ஓரம் தூக்கிக்கும்.

ஒங்க ஆயா உப்புத் தண்ணியில முக்கி எடு, சாயம் போவாதுன்னு சொல்லுவா. நம்ம பாத்தி உப்புன்னு எனக்கும் பெருமையாத்தான் இருக்கு. ஆனா உப்பு வேலை செய்யறது சாயத் தொட்டிக்குள்ள, சாயத்தைப் பருத்திக்குள்ள தள்ளி வுடுறதுக்கு. அதுக்குத்தான் சாயப்பட்டறைக்கு மூட்டை மூட்டையா உப்பு போவுது. அந்த உப்புத் தண்ணியும் சாயத் தண்ணியும் போயி நொய்யலாறு நாசமாச்சு, 2011 ஜனவரியில திருப்பூரு சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட்டுச்சு. உன் பெயிண்ட்டு துணிமேல படலமா ஒட்டிக்கிற சரக்கு. அதுக்குச் சூடு வேணும், உப்பு வேணாம். இதை ஆயாகிட்ட நான் சொன்னதா சொல்லாத.

உரிச்ச காகிதத்தைக் கசக்கிப் போட்டுடாத, இன்னும் ரெண்டு மூணு தரம் ஒட்டும். பிளாஸ்டிக் பூசின டம்ளரையும் தட்டையும் 2019 ஜனவரியிலயே தமிழ்நாட்டுல தடை பண்ணிட்டாங்க, நீ பிளாஸ்டிக் பூசின காகிதத்தைக் கழுவெளியில பறக்க வுட்டா நிஜப் பூநாரை உன்னைச் சும்மா வுடாது.

அப்புறம் ஒண்ணு. ஈசிஆர் ரோட்டுக் கடைக்காரன் உன் குர்தாவைப் பாத்து வெலை கேப்பான். துணிக்கும் பெயிண்ட்டுக்கும் மட்டும் கணக்குப் போட்டு சொல்லிட்டு வந்து நிக்காத. வெட்டின நேரம், ஒட்டின நேரம், காய வெச்சுக் காவல் இருந்த நேரம் எல்லாத்தையும் கணக்குல சேரு. உப்புக்கு வெலை சொல்லத் தெரியாம போன பரம்பரை இதோட போதும்.

மொத படத்தைப் பழைய தலகாணி உறையில போட்டுப் பாரு. கொடியில காயற என் வெள்ளை வேட்டி பக்கம் வந்தியோ, பேத்தின்னு பாக்க மாட்டேன்.