எட்டுப் போடத் தெரியாதவளின் விண்ணப்பம்

அனுப்புநர்: கியர் வண்டி பழகிக்கொண்டிருக்கும் ஒருத்தி, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்: ஓட்டுநர் உரிமத் தேர்வுத் திடலின் அதிபதி அவர்கள். (ஊர் போடவில்லை. எந்த ஊர்த் திடலுக்குப் போனாலும் தரையில் கிடப்பது அதே எட்டுதான்.)

பொருள்: எட்டுப் போடுதல் – பயந்தவர்களைக் கருணையோடு பரிசீலிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 – விதி 3 மற்றும் விதி 15.

ஐயா / அம்மையீர்,

எங்கள் வீட்டில் நூறு சிசி கியர் வண்டி ஒன்று சும்மா நிற்கிறது. வீட்டுக்காரர் காருக்கு மாறிவிட்டார். ஓடுகிற வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு இன்னொரு லட்சத்தைக் கொட்டி ஸ்கூட்டர் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்வார்கள். அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் அதை எழுத முடியாது. ஆகவே, நாற்பதைத் தாண்டிய பிறகு கியர் வண்டியே பழகுவதென்று முடிவாயிற்று. "ஸ்கூட்டி போதாதா அம்மிணி, எதுக்கு இந்த வெசனம்?" என்று கேட்காத ஒறம்பரை பாக்கியில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் ஒரு மூட்டை தவிடு, பின்னால் இரண்டு பால் கேன், அதற்கும் மேல் ஒரு கட்டு சோளத்தட்டு என்று ஏற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிப் போகிறவர். அவரே வண்டியை நிறுத்தி, "பயமா இருக்குங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மனு.

எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து எட்டுப் போட வரலாம் என்றார்கள். அந்த முப்பது நாளில் மற்றவர்கள் வண்டி பழகுவார்கள். நான் விதிகளையும் சேர்த்துப் படித்தேன். மிக்ஸி வாங்கினால்கூட அதோடு வரும் தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுகிற ஜாதி நான். படித்ததில் வந்த சந்தேகங்களைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

முதலில் விதி 3. பழகுகிறவர் வண்டியில் வெள்ளைப் பரப்பில் சிவப்பாக 'எல்' என்று எழுதியிருக்க வேண்டும். அட்டை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம். ஸ்கேல் வைத்து அளந்தே ஒட்டினேன். இவ்வளவு நுணுக்கமாக அளந்த கை, பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதியிருக்கிறது. பழகுகிறவரோடு உரிமம் உள்ள பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ ஏதுவான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

காருக்குச் சரி. கைப்பிரேக் நடுவில் இருக்கிறது, ஸ்டீயரிங் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பைக்கில் அந்த இடம் எது என்பதைத் துறை விளக்க வேண்டும். முன்பிரேக் என் வலது கையில். பின்பிரேக் என் வலது காலுக்கடியில். கிளட்ச் இடது கையில், கியர் இடது காலில். பின்சீட்டில் உட்காருகிறவர் கைக்கு எட்டுவது என் தோள் ஒன்றுதான். அதை அமுக்கினால் வண்டி நிற்காது, நான்தான் அலறுவேன். எனக்குப் பழக்கிவிடுவது என் அண்ணன் மகன். விதியைப் படித்துக் காட்டியதும் அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான். "இந்தக் கணக்குப்படி நா பெட்ரோல் டேங்க் மேலதான் உக்காரோணும் அத்தே. ஊரு சிரிக்கும்" என்றான். கடைசியில் பக்கத்திலேயே ஓடி வருவது என்று தீர்மானம். ஓடுவது உட்காருவதில் சேராது என்பதால் நாங்கள் இருவரும் தினமும் பொழுதோடு விதியை மீறிக்கொண்டிருக்கிறோம். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவனுக்கும் ஓய்வாக இருக்கும்.

மீறுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சைட் போட்டு, கலர் கலராகக் கல் நட்டு, தார் ரோடும் போட்டு, விலை ஏறட்டும் என்று வாங்கினவர்கள் விட்டுவைத்திருக்கும் லேஅவுட். கொங்கு நாட்டின் உண்மையான டிரைவிங் ஸ்கூல் அதுதான். ரியல் எஸ்டேட்காரர்கள் இல்லாவிட்டால் இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்காது. லேஅவுட் முடிகிற இடத்தில் கிளுவை வேலி போட்ட இட்டேரி. பிரேக் நினைவுக்கு வராத நாளில் வேலி நிறுத்திவிடும்.

கிளட்ச் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வரும்போது நூலளவு ஓர் இடம் வரும். அங்கே எஞ்சின் சத்தம் ஒரு சுருதி கம்மும், சீட்டுக்கடியில் வண்டி முன்பக்கமாக லேசாக நெளியும். அந்த நெளிவில் விரலை அப்படியே பிடித்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டி அசையாது. அதைத் தாண்டி வெடுக்கென்று விட்டால் ஒரே துள்ளலில் ஆஃப். விரலை நம்பாதவர்களுக்கு அந்த இடம் பிடிபடாது. அண்ணன் மகன் அதை ஒரே வரியில் முடித்துவிட்டான்: "கிளட்ச மெதுவா உடுங்க அத்தே." உலகத்துப் பயிற்றுநர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. எவ்வளவு மெதுவாக என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

இனி விதி 15. அருமையான விதி. யார் எழுதினார்களோ, அவர் கையில் வண்டியைக் கொடுத்துப் பின்னால் உட்கார்ந்து ஊட்டிக்கே போகலாம். வண்டியைச் சீராகக் கிளப்பி மேல் கியர் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். தேவைப்பட்டால் சட்டென்று கியரைக் குறைக்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சைகை காட்டித் திரும்ப வேண்டும். முந்த வேண்டும், முந்துகிறவருக்கு வழி விட வேண்டும். அவசரத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். நடந்து ரோட்டைக் கடக்கிறவர்களை மதிக்க வேண்டும். தன்னம்பிக்கையோடு வண்டியைச் செலுத்துகிறாரா என்பதையும் பார்க்கச் சொல்கிறது விதி. (இந்தக் கடைசி அயிட்டம் என்னிடம் இருப்பில் இல்லை. அதற்குத் தனிப் படிவம் இருந்தால் தெரிவிக்கவும்.)

இவ்வளவு நீளப் பட்டியலில் எட்டு எங்கே வருகிறது என்று விரலை வைத்துத் தேடினேன். எட்டைக் காணோம்.

ஆனால் திடலில் இருப்பது எட்டு மட்டும்தான். முதல் கியரில், நடக்கிற வேகத்தில், எதிரே ஒரு கோழிகூட வராத வெட்டவெளியில், காலை ஊன்றாமல் இரண்டு வட்டம் சுற்றி வர வேண்டும். மேல் கியர் கிடையாது, ஏற்றம் கிடையாது, பிரேக்குக்கே வேலை கிடையாது. கால் தரையில் பட்டால் போயிற்று. "கீழ பாக்காதீங்க, கால் ஊனாதீங்க" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். பலருக்குக் கையில் கிடைப்பது டிரைவிங் ஸ்கூல்காரர் கொண்டுவரும் வண்டி. வீட்டு வண்டியில் எல்லாக் கியரும் முன்னால் மிதித்தால் விழும், அந்த வண்டியில் ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே. அதனால் நட்டம் ஒன்றுமில்லை. எட்டுக்குத்தான் கியரே மாற்ற வேண்டாமே.

பாஸாகி வெளியே வந்ததும் காந்திபுரம். பஸ் ஒன்று நினைத்த இடத்தில் நிற்கிறது, ஆட்டோ ஒன்று நினைக்காமலே திரும்புகிறது. அங்கே இரண்டு காலையும் ஊன்றத் தெரிந்தவள்தான் சாயங்காலம் வீடு வந்து சேருவாள். நம் ஊரில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யூ டர்னும் ரவுண்டானாவுமாக ஆக்கிவிட்டார்கள். அதற்கு எட்டு உதவும் என்று தாங்கள் வாதிடலாம், பாதி ஒப்புக்கொள்கிறேன். வளையத் தெரியும். ஆனால் லாலி ரோடு ரவுண்டானாவில் வளைவது பெரிய காரியமில்லை. வலது பக்கமிருந்து வருகிறவன் நிற்பானா மாட்டானா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பதுதான் பெரிய காரியம். இதே உரிமத்தைப் பையில் வைத்துக்கொண்டு நாளைக்கே ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போகலாம், தடுக்க ஆளில்லை. மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பத் தெரியுமா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எட்டின் மேல் தங்களுக்குள்ள பற்று பரம்பரையாக வந்தது என்பதும் படித்ததில் தெரிந்தது. இந்தியா முழுமைக்குமாக வெள்ளைக்காரன் போட்ட மோட்டார் வாகனச் சட்டம் 1914-ஆம் வருடத்தின் 8-ஆம் எண் சட்டம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஒன்று சொல்லலாம். இந்த ஊரில் வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனி என்று பயந்து, வேறு எண்ணுக்காகத் தங்கள் துறைக்கே பணம் கட்டுகிறார்கள். ஈச்சனாரிப் பிள்ளையாருக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் சக்கரம் உருள்கிறது. எட்டே வேண்டாம் என்று காசு கட்டுகிற அதே ஜனங்களை எட்டின் மேலேயே ஓட்டவைத்து அனுப்புகிறீர்களே, இதற்குப் பரிகாரம் உண்டா?

எங்கள் ஊர் ஜி.டி. நாயுடுவும் ஒரு காலத்தில் பைக் பழகியவர்தான். கலங்கல் கிராமத்துப் பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அதையே வாங்கினார். வாங்கினவர் அதைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டிப் பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். அவர் எட்டுப் போட்டதாக எங்கும் சொல்லக் காணோம். 2025 அக்டோபரில் அவர் பெயரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கி.மீ. மேம்பாலமே திறந்தாயிற்று. அதிலும் எட்டு இல்லை, கிட்டத்தட்ட நேர்கோடு. பார்முலா ஒன் பந்தயத்துக்கு இந்தியாவிலிருந்து முதல் ஆளாக 2005-ல் நரேன் கார்த்திகேயனை அனுப்பிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் நான் மட்டும் முதல் கியரில் சுற்றிக்கொண்டிருப்பது ஊருக்கே மானக்கேடு.

சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். மத்திய அரசே வெளியிட்ட கணக்குப்படி 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 விழுக்காடு இருசக்கர வாகனத்தில் போனவர்கள். காரணங்களில் முதலிடம் அதிவேகத்துக்கு. மெதுவாகத் திரும்பும்போது காலை ஊன்றிவிட்டார் என்று அதில் ஒரு தலைப்பே இல்லை. ஆக, ஆளைக் கொல்லுகிற விஷயத்தைத் திடலில் யாரும் சோதிப்பதில்லை. ஆளைக் காப்பாற்றுகிற காலைத்தான் ஊன்றக் கூடாது என்கிறீர்கள். வாளையாறு தாண்டினால் கேரளத்தில் கையால் கியர் போடும் எம்80-ஐ வைத்தே வெகுகாலம் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார்கள். 2024-ல்தான் கால் கியர் வண்டி வேண்டும் என்று மாற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரரால் முடிந்திருக்கிறது.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. தங்கள் சொந்த விதி 15-ஐத் தாங்களே நடத்திக் காட்டுங்கள். எட்டு இருக்கட்டும், பாவம், பழகின ஆள். அதற்குப் பக்கத்தில் நேராக ஒரு தடம் போடுங்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, விசில் அடித்ததும் வழுக்காமல் நிறுத்துகிறோமா என்று பாருங்கள். இரண்டு லோடு மண்ணைக் கொட்டி ஒரு மேடு செய்யுங்கள். அதில் நிறுத்திக் கிளப்பச் சொல்லுங்கள். திரும்புவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்க்காதவரை, எவ்வளவு அழகாக எட்டுப் போட்டிருந்தாலும், மறுபடி வரச் சொல்லுங்கள். தேர்வு முடிந்த பிறகு சும்மா கிடக்கிற திடலைப் பழகுகிறவர்களுக்குப் பொழுதோடு ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். வீட்டு ஆம்பளைகள் அவசரப்படுத்துவதாலேயே வண்டியைத் தொடாமல் விட்ட பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வருவார்கள். தன்னம்பிக்கைக்குப் போடுகிற மதிப்பெண்ணில் ஒன்றிரண்டைப் பயத்துக்கும் ஒதுக்குங்கள். பயந்தவர்கள்தான் கண்ணாடியைப் பார்க்கிறார்கள்.

இந்த மனுவைப் படிக்க நேர்கிற பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பின்னால் சிவப்பு 'எல்' ஒட்டிய வண்டி யூ டர்னில் ஆஃப் ஆகி நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். ஹாரனுக்கு எஞ்சின் கிளம்பாது, இருக்கிற நியூட்ரலும் தொலைந்து போகும். சித்தெ பொறுங்க, கிளம்பிருவோமுங்க.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்னும் காலை ஊன்றிக்கொண்டிருப்பவள்.