இல்லாத நோயை விற்பது எப்படி?

கடை வாடகை இல்லை, சரக்குப் பிடிக்க வேண்டாம். கைப்பேசியும் கொஞ்சம் கண்ணீரும் போதும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பெல் கிப்சன் செய்துகாட்டிய வழி இது.

1. நோயைத் தேர்ந்தெடுங்கள். சளி, மூட்டுவலியெல்லாம் விலைபோகாது. பெல் எடுத்துக்கொண்டது மூளைப் புற்றுநோய். சில மாதமே கெடு என்று மருத்துவர்கள் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டார். சாகப்போகிறவரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தக் கூச்சம்தான் உங்கள் மூலதனம்.

2. மருத்துவர்களைத் திட்டாதீர்கள். கீமோவை விட்டேன், காய்கறிக்கு மாறினேன், தெம்பாக இருக்கிறேன், இது என் சொந்த அனுபவம் என்று மட்டும் இன்ஸ்டாகிராமில் போடுங்கள். காய்கறி நல்லதுதானே! அந்த உண்மையின் முதுகில் உங்கள் பொய் சவாரி செய்யட்டும்.

3. பெரிய இடத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். 2013இல் பெல்லின் ‘தி ஹோல் பேன்ட்ரி’ என்ற செயலி வந்தது. ஆப்பிள் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 2014இல் அதே பெயரில் பெங்குவின் புத்தகம் போட்டது. இவ்வளவு பெரிய பதிப்பகம் விசாரிக்காமலா போடும் என்று வாசகர் நினைப்பார். பெங்குவின் பெல்லின் நோயைச் சரிபார்க்கவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

4. வருமானத்தில் தர்மம் செய்யப்போவதாக அறிவியுங்கள். அறிவிக்கச் செலவில்லை. ஆனால் பெல் சறுக்கியது இங்கேதான். 2015இல் நிருபர்கள் தொண்டு நிறுவனங்களைக் கேட்டார்கள். சொன்ன பணம் போய்ச் சேரவில்லை. மூளைக் கட்டியைச் சரிபார்க்காத உலகம் ரசீதைச் சரிபார்த்தது. சீக்கிரமே, புற்றுநோயும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே பொய்யை உடம்போடு நிறுத்துங்கள். கணக்குப் புத்தகத்துக்குள் விடாதீர்கள்.

5. அபராதத்துக்கு அஞ்சாதீர்கள். 2017இல் நீதிமன்றம் விதித்தது 4,10,000 ஆஸ்திரேலிய டாலர். செயலியும் புத்தகமும் தந்த வருமானம் சுமார் 4,20,000. அந்த அபராதமும் வசூலாகாமல், சில ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் வீடு தேடிப் போனார்கள். வழக்கு நுகர்வோர் சட்டத்தின் கீழ் என்பதால் தீர்ப்பில் சிறைத் தண்டனை இல்லை.

6. வாடிக்கையாளர் புகார் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் நோய்தான் பொய். உங்களைப் பின்தொடர்கிறவரின் நோய் நிஜம். தானாகவே சரியாகிவிட்டவர் உங்கள் கீரைச் சாறுதான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்வார். உங்களை நம்பிச் சிகிச்சையை நிறுத்தி, நோய் முற்றிப் போனவர் கமெண்ட் போட வரமாட்டார்.