கண்ணாடியைக் கழற்றினால்தான் துரு தெரியும்

பிக்கப்பைப் பெயிண்டுக்கு விட்டால் அன்றெல்லாம் முதல் வேலை பின் கண்ணாடியைக் கழற்றுவதுதான். தொண்ணூறுகளில் நாமக்கல்லில் என் மாமாவின் பட்டறைக்கு முட்டை ஏற்றும் டாடா 207 வண்டிகள் நிறைய வரும். பள்ளி விடுமுறையில் எனக்கு அங்கேதான் வாசம்.

கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங். மாமா கேபினுக்குள் உட்கார்ந்து, மேல் மூலையில் மழுங்கின மரச்சில்லை விட்டு, ரப்பரின் உள்மடிப்பைத் தகட்டு விளிம்பிலிருந்து தள்ளிக்கொண்டே போவார். வெளியே இரண்டு பேர் கை ஏந்தி நிற்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை அவர் தொடவே விடமாட்டார். முன் கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விட்டாலும் நிற்கும். பின் கண்ணாடி சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்த டஃபண்ட். நடுவில் ஓங்கித் தட்டினாலும் தாங்கும். ஓரத்தில் இரும்பு பட்டால் மொத்தமும் கல்கண்டாக உதிர்ந்துவிடும்.

திரும்ப மாட்டுவதுதான் அழகு. ரப்பரைக் கண்ணாடியில் பொருத்தி, உள்மடிப்புப் பள்ளத்துக்குள் சுற்றிலும் நைலான் கயிற்றைப் புதைப்பார்கள். இரண்டு நுனியும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தொங்கும். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து கண்ணாடியைக் கேபினின் திறப்பில் வைத்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுப்பார். கயிறு வெளியே வர வர, மடிப்பு தானாகத் தகட்டின் மேல் ஏறி உட்காரும். “மாப்ள, கண்ணாடியப் பாக்காத, மடிப்பப் பாரு” என்பார் மாமா. இழுப்பு அவசரப்பட்டால் மூலையில் ரப்பர் கிழியும்.

கண்ணாடி கீழே இறங்கியதும் அவர் பார்ப்பது அந்தத் தகட்டு விளிம்பைத்தான். ரப்பருக்கு அடியில் தண்ணீர் தங்கும், கீழ் மூலைகளில் துரு பிடித்திருக்கும். அதை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் காய்ந்த பிறகுதான் புது ரப்பர். பல வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் ஈரம் கசிந்ததற்குக் காரணம் ரப்பர் அல்ல, அடியில் இருந்த துரு. கசிவு வந்ததால் பட்டறைக்கு வந்தவர்களும் உண்டு.

இன்று புதிதாக வரும் பல வண்டிகளில் யூரித்தேன் பசைதான். ஓரத்தில் கருப்புப் பட்டை தெரிகிறதே, அது வெயிலில் பசை கெடாமல் காப்பது. நேர்மையாகச் சொன்னால், ஒழுங்காக ஒட்டினால் பசை ரப்பரை விட உறுதி, எளிதில் ஒழுகாது. ஆனால் கழற்ற உருக்குக் கம்பியைப் பசைக்குள் நுழைத்து, இரண்டு பேர் இரு பக்கமும் மாறி மாறி இழுத்து அறுக்க வேண்டும். பழைய பசையை மெல்லிய படலமாக விட்டு, கண்ணாடிக்குத் தனிப் பிரைமர், இரும்பு தெரிந்த இடத்துக்குத் தனிப் பிரைமர் பூசி, புதுப் பசையை முக்கோண வரியாக இட்டு ஒட்ட வேண்டும். பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும்; அதற்கு நேரம் கொடுத்தே ஆகவேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்று இப்போது பல பட்டறைகளில் கண்ணாடியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி பளபளக்கிறது. டேப் கிழித்த கோட்டில் புதுப் பெயிண்டின் விளிம்பு உரியத் தொடங்குகிறது, அந்த வழியே தண்ணீர் இறங்குகிறது. அடியில் துரு பரவினால் பசை பிடித்திருக்கும் பெயிண்டே தகட்டை விட்டுப் பெயரும். பிறகு எவ்வளவு நல்ல பசையாக இருந்து என்ன பயன்? அன்று ஒழுகிய ரப்பர் துருவைக் காட்டிக்கொடுத்தது. இன்று ஒழுகாத பசை அதை மூடி வைக்கிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்தான். மாமாவின் பட்டறையில் பெயிண்டை விட அந்த விளிம்புக்குத்தான் நேரம் போகும்.

உங்கள் பிக்கப்பை முழுப் பெயிண்டுக்குக் கொடுக்கும்போது, பின் கண்ணாடியைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கூலி கூடும், கொடுங்கள். கண்ணாடி இறங்கிய நேரத்தில் நீங்களே போய் கீழ் மூலைகளைத் தடவிப் பாருங்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால், இறுகும்வரை பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தே கதவைச் சாத்துங்கள். உள்ளே அடைபட்ட காற்று புதுப் பசையைத் தள்ளிவிடும். வாட்டர் சர்வீஸுக்கும் உடனே விடாதீர்கள்.